நாயனம் வராத ஹெட்போன்

சென்னியப்பன் பத்து மாதத்தில் மூன்று ஹெட்செட்டுகளைக் குப்பையில் போட்டிருந்தார். மூன்றுக்கும் அவர் சொன்ன காரணம் ஒன்றுதான்: "இடது பக்கம் செத்துப்போச்சு." பஸ் ஸ்டாண்டு தள்ளுவண்டியில் வாங்குகிற சாமான் வேறெப்படி இருக்கும் என்று அவர் மனைவி கலாமணியும் நினைத்தாள். நல்ல கடையில் நல்லதாக ஒன்று எடுத்துவிடலாம் என்று இந்த ஞாயிற்றுக்கிழமை சோமனூரிலிருந்து பஸ் ஏறிக் கோவை காந்திபுரம் வந்திருந்தார்கள். வழி நெடுக இருவரும் நான்கு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை.

கலாமணி சோர்ந்திருந்தாள். ஒரு நாள் தூங்கி எழுந்தால் போகிற சோர்வில்லை அது. பதினெட்டு வருஷமாகப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே விசைத்தறிக் குடோனில் ஆளுக்கு ஆறு தறி ஓட்டுகிறார்கள். முதலாளி கணக்கில் அவர்கள் ஒரு சோடி. வேலை கொடுத்தாலும் நிறுத்தினாலும் சேர்த்துத்தான். வைகாசி மாதத்திலிருந்து அவளுக்கு முழங்கால் மடங்குவதில்லை. பஞ்சுத் தூசியில் மூச்சு இழுத்தது. இனி முடியாது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் தான் நின்றால் அவருடைய வேலையும் ஆட்டம் காணும். முகத்தைப் பார்த்து அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால் ஆடி நோம்பி கழிந்த மறுநாள், விளக்கை அணைத்த பிறகு சொன்னாள். "ஏனுங்க, என்னால இனித் தறிக்கு வர முடியலீங்க. நின்னுக்கட்டுங்களா?"

வலது பக்கமாக ஒருக்களித்து, அவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தவரிடமிருந்து பதில் இல்லை. அடுத்த வாரம் மறுபடி கேட்டாள். ஆவணியில் மூன்றாம் முறை கேட்டபோது குரல் உடைந்துகூடப் போயிற்று. அவர் அசையவில்லை. தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது. அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. சாப்பாடு வைத்தாள், கூடவே தறிக்குப் போனாள், வந்தாள். பேச்சு மட்டும் குறைந்துபோயிற்று.

கடையில் மெர்சி என்ற பெண்தான் அவர்களைக் கவனித்துக்கொண்டாள். முப்பது வயது இருக்கும். காலையிலிருந்து நின்ற களைப்பு அவள் சிரிப்பிலும் இருந்தது.

"அண்ணா, என்ன மாதிரி பாக்கறீங்க? காதுக்குள்ள வெக்கறதா, கழுத்துல போடறதா, இல்ல காத மூடற மாதிரியா?"

"ஒடையாத மாதிரி," என்றார் சென்னியப்பன். "பழைய பாட்டு கேக்கோணும். பின்னாடி வாசிக்கறது தனித்தனியா விழுகோணும். சும்மா டம்மு டம்முன்னு இடிச்சா எனக்கு ஆகாது. அதத்தான் வாரமெல்லாம் தறில கேக்கறனே."

மெர்சி சிரித்துக்கொண்டே கழுத்தில் மாட்டுவது ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவர் காதில் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடினார்.

"இடது பக்கம் வரலீங்க."

"புதுசுங்கண்ணா!"

"புதுசுன்னா என்ன? செத்தே பொறந்திருக்குது."

இரண்டாவதாக வந்த சிறிய இயர்பட்களிலும் இடது பக்கம் வரவில்லை. சென்னியப்பன் கலாமணியைப் பார்த்து, "பெரிய கடைங்கறாங்க. தள்ளுவண்டிக்காரனே தேவலாம்," என்றார். மெர்சியின் முகம் சுண்டியது. கலாமணிக்குக் கூச்சமாக இருந்தது. மூன்று மாதமாக என்னோடு பேச வாயில்லை, கடைக்காரப் பெண்ணிடம் சண்டை போட மட்டும் வாய் இருக்கிறதா என்று மனதுக்குள் கசந்தாள்.

மூன்றாவது, காதை முழுக்க மூடுகிற பெரிய ஹெட்போன். "இதுல ஒரு டெஸ்ட் போட்டுக் காட்டறேன்," என்றாள் மெர்சி. "கோயில் மேளம். நாயனம் ஒரு பக்கம், தவில் ஒரு பக்கம்னு பிரிச்சு எடுத்தது. ரெண்டும் கேட்டா செட்டு சரியா இருக்குன்னு அர்த்தம்."

சென்னியப்பன் மாட்டிக்கொண்டார். தலை தாளத்துக்கு ஆடியது. பிறகு நின்றது.

"நாயனக்காரன் இன்னும் வந்து சேரலயாட்ட இருக்குது," என்றார். "தவிலு மட்டும் வெளுத்து வாங்குது."

மெர்சி அதைக் கழற்றித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். பிறகு கலாமணியிடம் நீட்டினாள். கலாமணி மாட்டியதும் இடது காதில் நாயனம் குழைந்தது, வலது காதில் தவில் உருண்டது. இரண்டும் தெளிவாக, பக்கத்திலேயே வாசிப்பதுபோல.

"அண்ணா, இத அப்படியே மாத்திப் போடுங்க. இந்தப் பக்கத்த அந்தக் காதுக்கு," என்றாள் மெர்சி, மெதுவாக.

அவர் மாற்றிப் போட்டார். "இப்ப நாயனம் வருது," என்றார் சந்தோஷமாக. அடுத்த கணம் அவர் முகத்திலிருந்து சந்தோஷம் இறங்கியது. "தவிலக் காணோம்."

கெட்டுப்போனது எது என்பது மூவருக்குமே புரிந்துவிட்டது. மெர்சிதான் முதலில் வாய் திறந்தாள். "காது டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிருங்கண்ணா. எங்க மாமனாருக்கும் மில்லுச் சத்தத்துல இப்படித்தான் ஆச்சு."

கலாமணி பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் இது எப்படித் தெரியாமல் போயிற்று? தறிக் குடோனில் யார் குரலும் யாருக்கும் கேட்காது. எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள். அவர்கள் கல்யாணமே அப்படி முடிவானதுதான். இரண்டு தறிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னக் கட்டிக்கறயா?" என்று அவர் உதட்டை அசைத்ததை அவளோடு சேர்ந்து மேஸ்திரியும் படித்துவிட்டார். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. சோறு கேட்டாலும் சண்டை போட்டாலும் முகம் பார்த்துத்தான். வெளிச்சம் இருக்கிற வரைக்கும் அவருக்குக் காது தேவைப்படவே இல்லை.

அவள்தான் இருட்டில் போய்க் கேட்டிருக்கிறாள். அவருக்கு இடது பக்கம் படுத்துக்கொண்டு, கேட்கிற வலது காதைத் தலையணையில் புதைத்துக் கிடந்தவரிடம். மூன்று முறை.

நெஞ்சில் இருந்தது கோபமா, அழுகையா, இரண்டும் வற்றிய அசதியா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மெர்சி விடவில்லை. "உங்க போனக் குடுங்கண்ணா. ரெண்டு பக்கச் சத்தத்தையும் ஒண்ணாச் சேத்து ஒரே காதுக்குக் குடுக்கற மாதிரி செட்டிங்ஸ் இருக்குது," என்று எதையோ தட்டினாள். மறுபடி அதே மேளத்தை அவருடைய போனிலிருந்து ஓடவிட்டு, ஹெட்போனை மாட்டிவிட்டாள். இந்த முறை வலது காதில் நாயனமும் தவிலும் சேர்ந்தே வந்திருக்க வேண்டும். சென்னியப்பன் அசையாமல் நின்றார். கண் கலங்கியிருந்தது.

அந்த முகத்தைப் பார்த்தபடியே, குரல் எழுப்பாமல், தறியில் பேசுவதுபோல உதட்டை மட்டும் அசைத்தாள் கலாமணி. இனிமேலும் தள்ளிப் போட அவளுக்குத் தெம்பில்லை.

'என்னால தறிக்கு வர முடியலீங்க. ஆடிலயே கேட்டேன். மூணு தடவ. ராத்திரில.'

அவர் புருவம் நெரிந்தது. 'எப்ப?' என்று அவர் உதடு கேட்டது.

'வெளக்கணைச்சதுக்கு அப்புறமேலு. நீங்க பதிலே சொல்லல.'

சென்னியப்பன் அவளையே பார்த்தார். காதில் மேளம் முழங்கிக்கொண்டிருந்ததால், தன் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலயே அம்மணி!" என்றார். கடை முழுக்கத் திரும்பியது. "நீதான் என்மேல கோவிச்சுட்டுப் பேசாம இருக்கறயாக்கும்னு நெனச்சுட்டு இருக்கறேன்! முடியலீன்னா நின்னுக்க வேண்டியதுதான! நாளைல இருந்து நீ தறிக்கு வர வேண்டாம்!"

பில் போடுகிற இடத்தில் யாரோ சிரித்தார்கள். பேட்டரி வாங்க வந்த ஒரு பெரியவர், "சொல்லிப்போட்டாருங்க, அப்புறமென்ன," என்றார். மெர்சி எட்டி ஹெட்போனைக் கழற்றினாள். தன் குரலின் எதிரொலி கேட்டதுபோலச் சென்னியப்பன் விழித்தார்.

"கத்திட்டனா?"

"அவிநாசி வரைக்கும் கேட்டிருக்கும்," என்றாள் கலாமணி. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவள் முகம் கொஞ்சம் இளகியது. "நான் நின்னுட்டா உங்களுக்கு வேற சோடி பாக்கச் சொல்லுவாங்க. காதும் இப்படி இருக்குது."

"சொன்னாச் சொல்லட்டும். மொதல்ல டாக்டரப் பாப்போம். மொதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்."

"வேண்டாமுங்க." அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். "நானே சொல்லிப்போடறேன். பகல்ல, மொகத்தப் பாத்து."