நாற்பத்தொரு அட்டைகளும் ஒரு கைப்பிடியும்

இனி வரப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது என்று முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். சந்தேகப் பிராணிகள் இப்போதே எழுந்துபோய் வேறு வேலையைப் பார்க்கலாம். பாதியில் நிறுத்தி "அது எப்படி?" என்று கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அந்த டிசைன் கம்பெனியில் அவனுக்கு "சரிங்க" என்றுதான் பெயர். நாற்பத்துநான்கு வயது. கையில் பென்சில் இருந்தால் அவனை அடிச்சுக்க ஆளில்லை. ஆனால் வரைந்ததைப் பத்துப் பேர் முன்னால் விரித்து யாராவது லேசாக முகத்தைச் சுளித்தால் போதும், "சரிங்க" என்று ரப்பரை எடுத்துவிடுவான்.

பஸ் நிலையத்துக்கு ஒரு கடிகாரம் வரைந்தான். முள் மெல்லிசாக இருக்கிறதே என்றார் ஒருவர். சரிங்க. எண்கள் கண்ணை உறுத்துகின்றன என்றார் இன்னொருவர். சரிங்க. கடைசியில் பஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் வட்டத் தகடு. அதன்மேல் கேன்டீன்காரர் டீ டம்ளர்களைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். நூலகம் ஒன்றுக்கு அவன் வரைந்த கதவு, மூன்று கூட்டங்களுக்குப் பிறகு சுவராக முடிந்தது. உள்ளே படித்துக்கொண்டிருந்தவர்கள் ஜன்னல் வழியாக இறங்கி வந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி நாற்காலி வேலை வந்தது. நோயாளிகளின் சொந்தக்காரர்கள் காத்திருக்கும் கூடத்துக்கு நூறு நாற்காலிகள்.

கம்பெனியை நடத்துகிற மேடம் அவனைக் கூப்பிட்டாள்.

"இந்தத் தடவையும் அவங்ககிட்ட சரிங்கன்னு தலையாட்டினேன்னு வை, திரும்பி வந்து என்கிட்டயும் ஒரு சரிங்க சொல்லிட்டு வீட்டுக்குக் கிளம்பிடு."

"சரிங்க மேடம்," என்றான் அவன்.

வேலை போய்விடும் என்பதைவிட அவனுக்கு வேறொரு கவலை இருந்தது. போன வருடம் அதே ஆஸ்பத்திரியில், அதே கூடத்தில், அவனும் அவன் அக்காவும் பதினோரு நாள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே அம்மா. வெளியே வரிசையாக இரும்பு நாற்காலிகள், ஒவ்வொரு இடத்துக்கும் நடுவே ஒரு இரும்புக் கைப்பிடி. யாரும் படுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. பதினோராம் நாள் காலை டாக்டர் வந்து குனிந்து நின்று விஷயத்தைச் சொன்னார். அக்கா அப்படியே தம்பி பக்கம் சாய்ந்தாள். அவள் தலை அவன் தோளுக்கு வந்து சேரவில்லை. கைப்பிடி விலாவில் இடித்து நிறுத்திவிட்டது. அந்த இடம் இரண்டு வாரம் கன்றிப்போய்க் கிடந்தது. யாராவது கேட்டால், "எங்கேயோ இடிச்சுக்கிட்டேன்," என்பாள்.

அவன் வரைந்த நாற்காலி இரண்டு பேர் உட்காருகிற மாதிரி. கைப்பிடி இரண்டு ஓரத்திலும் உண்டு, நடுவில் கிடையாது. முதுகுப்புறம் லேசாக உள்ளே வளைந்திருக்கும். உட்காருகிறவர்கள் தங்களை அறியாமலே ஒருவர் பக்கம் ஒருவர் சரிவார்கள். அவ்வளவுதான் டிசைன். இதிலும் நடுவில் ஒரு கம்பியை நட்டுவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை என்று அவனுக்குத் தெரியும். தான் சரிங்க சொல்லிவிடுவோம் என்பதும் தெரியும். அதனால்தான் தூக்கம் வரவில்லை.

வாதாடப் பழக அக்காவிடம் போனான். அக்கா குடிநீர் அலுவலகத்தில் புகார் கவுண்டரில் இருப்பவள். பத்தொன்பது வருடத்தில் ஒரு புகார்கூட அவளைத் தாண்டி உள்ளே போனதில்லை. ஒருமுறை வீட்டுக்குள் இடுப்பளவு வெள்ளம் என்று நீந்தியே வந்த ஒருவர், அவளிடம் பேசிவிட்டு, தன் வீட்டில் தண்ணீரே வருவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"நீ படத்தைக் காட்டு. நான்தான் ஆஸ்பத்திரி. ஆரம்பி," என்றாள் அக்கா, சாப்பாட்டு மேசையில் கையைக் கட்டிக்கொண்டு.

"இது வந்து, ரெண்டு பேர் உக்கார்ற..."

"ஏன், மூணாவது ஆள் தரையில உக்காரணுமா?"

"சரிங்..."

"அந்த வாயில ஒண்ணு போட்டேன்னா!"

அவள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில் யோசித்து, ஒரு அட்டையில் எழுதிக்கொண்டான். ஜனங்கள் படுத்துவிட்டால்? ஒரு அட்டை. குண்டானவர் உட்கார்ந்தால்? ஒரு அட்டை. சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி உட்கார்ந்தால்? அதற்கு இரண்டு. மூன்று வாரத்தில் நாற்பத்தொரு அட்டைகள் சேர்ந்தன. அவனுக்கு வாதம் நாக்கிலேயே ஊறிவிட்டது. ஒரு நாள் மாமா, அதாவது அக்காவின் கணவர், "மாப்ள, அந்த உப்பை இப்படித் தள்ளு," என்றார். உப்பு ஏன் அந்த இடத்தில் இருக்கிறது, அங்கிருந்து நகர்த்தினால் மேசைக்கு என்னென்ன நஷ்டம் என்று இவன் முக்கால் மணி நேரம் விளக்கினான். அன்றிலிருந்து மாமா உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறார். அவருடைய ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, டாக்டரே வந்து காரணம் கேட்டுவிட்டுப் போனார்.

கைப்பிடி இடித்த கதையை மட்டும் எந்த அட்டையிலும் எழுதவில்லை. அக்காவும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

கூட்டம் ஆஸ்பத்திரியிலேயே நடந்தது. அக்கா லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். "நான் வெளியில இருக்கேன்டா. தொண்டை அடைச்சா இருமு, கேட்டுரும்," என்று சொல்லிவிட்டு, அதே கூடத்தில், அதே வரிசையில், ஒரு இரும்பு நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

உள்ளே மூன்று பேர். ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர், கட்டடப் பராமரிப்பு அதிகாரி, தலைமை நர்ஸ். நடுவில் மாதிரி நாற்காலி. மேடம் இரண்டு வரி முன்னுரை சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவன் எழுந்து வாயைத் திறப்பதற்குள் கண்காணிப்பாளர், "ரொம்ப நல்லாயிருக்கே. எடுத்துக்கலாம்," என்றார்.

நாற்பத்தொரு அட்டைகளில் இதற்குப் பதில் இல்லை.

அக்கா வீட்டில் அந்த வாக்கியத்தை யாரும் ஒருமுறைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை. அவன் அட்டைகளைப் புரட்டினான். வேறு வழி தெரியாமல் முதல் அட்டையை எடுத்தான்.

"இதுல ஜனங்க படுத்துத் தூங்கிடுவாங்களேன்னு நீங்க கேக்கலாம்..."

"நான் கேக்கலையே."

"கேப்பீங்க சார்," என்று சொல்லி, பதிலையும் சொன்னான்.

கண்காணிப்பாளர் பராமரிப்பு அதிகாரியைப் பார்த்தார். "ஏன் சார், படுத்துடுவாங்களா?"

"இப்ப அவர் சொல்லும்போதுதான் எனக்கே தோணுது," என்றார் அதிகாரி.

மேடம் மேசைக்கு அடியில் அவனை உதைத்தாள். உதை நர்ஸம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் நிறுத்தவில்லை; நிறுத்த முடியவில்லை. ஒன்பதாவது அட்டையில் அதிகாரி குறிப்பெடுக்க ஆரம்பித்தார். பதினாலாவதில் கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபத்தாறில், யாருமே சொல்லாத குற்றங்கள் இருபத்தாறு அந்த நாற்காலிமேல் ஏறி உட்கார்ந்திருந்தன. அந்தப் பாரத்தில் ஒரு கால் லேசாக வளைந்ததைத் தானே பார்த்ததாக மேடம் பிற்பாடு சொன்னாள்.

"போதும்ப்பா," என்றார் கண்காணிப்பாளர். "எல்லாத்துக்கும் சேர்த்து ஒண்ணு பண்ணலாம். நடுவுல ஒரு கைப்பிடி வெச்சிடுங்க. பிரச்சினை முடிஞ்சுது."

அவனுக்குத் தன் நாற்காலியைத் தானே கொன்றுவிட்டோம் என்று புரிந்தது. கையிலிருந்த அட்டைகள் நழுவித் தரையில் சிதறின. குனிந்து பொறுக்கத் தோன்றவில்லை.

"சார், போன வருஷம் எங்கம்மா இங்கதான் இருந்தாங்க," என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "அவங்க போயிட்டாங்கன்னு சொன்னப்ப எங்கக்கா என்மேல சாயப் பாத்தா. கைப்பிடி இடிச்சு, விலாவெல்லாம் கன்னிப்போச்சு. அதான்... அதுக்காகத்தான் சார் நடுவுல ஒண்ணும் வெக்கல."

அதிகாரி மெதுவாக, உண்மையான அக்கறையோடு கேட்டார்.

"கைப்பிடிக்கு ரப்பர் உறை போட்டுக் கொடுத்துட்டா?"

அவனுக்குள்ளே அந்தச் சொல் எழுந்தது. வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு வந்தது. நெஞ்சிலிருந்து தொண்டைக்கு வந்தது. பல்லுக்குப் பின்னால் வந்து நின்று கதவைத் தட்டியது. கூடத்திலிருந்து ஒரு இருமல் கேட்டது. அக்காதான் இருமினாளா, வேறு யாராவதா, தெரியாது.

"வேண்டாங்க," என்றான்.

"அப்ப நாற்காலியே வேண்டாம்னு நாங்க சொல்லிட்டா?"

"சொல்லிக்குங்க. கைப்பிடி வெக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு விழுந்த மௌனம் எவ்வளவு நீளம் என்றால், மூலையில் தொட்டியிலிருந்த செடி அதற்குள் ஒரு புது இலை விட்டுவிட்டது. மேடம் அவன் இடத்துக்கு யாரை எடுப்பது என்று மனதுக்குள் மூன்று பேரை வரிசைப்படுத்தி முடித்திருந்தாள்.

நர்ஸம்மாதான் முதலில் எழுந்தாள். காலையில் ஆறு மணிக்கு வந்தவள். "எனக்கு நின்னு நின்னு கால் விட்டுப்போச்சு," என்று மாதிரி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். "சார், நீங்களும் வந்து உக்காந்துதான் பாருங்களேன். படத்தைப் பாத்து என்ன தெரியும்?"

கண்காணிப்பாளர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தார். அரை நிமிடம் நேராக இருந்தார். பிறகு முதுகு சரிந்தது. தோள் சரிந்தது. மூன்றாவது நிமிடத்தில் அவர் தலை நர்ஸம்மாவின் தோளில் இருந்தது. இருபத்திரண்டு வருடமாக அந்த ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் போனதைப் பார்த்தும் கலங்காத மனிதர், சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். யாருக்காக என்று அவரும் சொல்லவில்லை, நர்ஸம்மாவும் கேட்கவில்லை. பராமரிப்பு அதிகாரி இரண்டு பேருக்கும் நடுவில் இடம் இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றி வந்தார்.

மாலை நான்கு மணிக்கு அந்த நாற்காலியிலிருந்தபடியே கையெழுத்துப் போட்டார்கள். நூறு நாற்காலிகள், நடுவில் கைப்பிடி இல்லாமல்.

அவன் வெளியே வந்தான். அக்கா இன்னும் அதே இடத்தில் இருந்தாள். பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

"என்னடா ஆச்சு? சரிங்கன்னுட்டியா?"

"இல்லக்கா."

"நிஜமா?"

"நிஜமா."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு வழக்கமான விறைப்பை மறந்து அவன் பக்கம் சாயப் போனாள். கைப்பிடி இடித்தது. "ஸ்ஸ்," என்று விலாவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவன் கைப்பிடிக்கு மேலாகக் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கூடத்தில் அந்த அளவுக்குத்தான் முடிந்தது.

கையெழுத்தான தாள் எந்த மேசையில் தூங்குகிறதோ, அந்த ஆஸ்பத்திரியின் கூடத்தில் இன்றைக்கும் இருப்பவை அதே பழைய இரும்பு நாற்காலிகள்தான். கைப்பிடிகளுக்குப் போன மாதம் ரப்பர் உறை போட்டிருக்கிறார்கள்.