ஒரு விரற்கடை எண்ணெய்

“இன்னொரு தடவ ஓட்டிக் காட்டுங்க மேடம்” என்றாள் டிரைவரின் மனைவி.

மூன்றாவது தடவை. திரையில் டாங்கர் லாரி வளைவுக்குள் நுழைந்தது. டாங்கியின் சுவரைக் கண்ணாடிபோல் வரைந்திருந்ததால் உள்ளே பாதியளவு எண்ணெய் தெரிந்தது. அது ஒருபக்கமாக ஏறி, சுவரில் மோதி, வழிந்து திரும்பியது. லாரி சாய்ந்து, நிமிர்ந்து, வளைவைக் கடந்துபோய் நின்றது.

“போர்டுல போட்டிருக்கிற ஐம்பதுல போனா கவிழல, பாத்தீங்கல்ல. எழுபதுலதான் கவிழுது. அப்ப உங்க வீட்டுக்காரர் எழுபதுக்குக் கொறையாம வந்திருக்கணும்” என்றார் பின்னால் நின்ற ஆபீஸ் மேலாளர். வருத்தமான குரலை அவர் வீட்டிலிருந்தே தயாரித்துக் கொண்டுவந்திருந்தார்.

“அவரா? கல்யாணமான புதுசுல என்னைய வண்டியில கூட்டிட்டுப் போனப்ப சைக்கிள்காரனெல்லாம் எங்கள முந்திட்டுப் போனான் சார்.”

யாரும் சிரிக்கவில்லை. அந்த வளைவில் லாரி ஒரு வேனின் மேல் கவிழ்ந்து ஐந்து வாரமாகிறது. டிரைவரும் வேனில் இருந்த மூன்று பேரும் செத்துப்போனார்கள். மூவரில் ஒருத்தி, டிரைவரின் மகள் படிக்கும் வகுப்புக்கு டீச்சர். மகள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். வியாழக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. விபத்து யார் செய்த தப்பு என்பதை இந்தக் கணினிப் படம்தான் சொல்லப்போகிறது.

படம் துளி மேடத்துடையது. திரவத்தை லட்சக்கணக்கான துளிகளாகப் பிரித்து, எந்தத் துளியை எது தள்ளுகிறது என்று கணக்கிடுவது அவளுடைய வேலை. ஆபீஸில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது எல்லோருக்கும் மறந்துவிட்டது.

டிரைவரின் மனைவி திரையில் விரலை வைத்தாள். “மொதல்ல எண்ணெய் இந்த வெல்டிங் கோடு வரைக்கும் இருந்துச்சு. வண்டி நின்னு ஆட்டமெல்லாம் அடங்கினப்புறம் ஒரு வெரக்கடை எறங்கி நிக்குது. மிச்ச எண்ணெய் எங்க போச்சு மேடம்? கொட்டிருச்சா?”

“மூடின டாங்கிம்மா. கொட்டாது.”

“அப்புறம்?”

துளி மேடம் அந்த வெல்டிங் கோட்டைப் பார்த்தாள். எண்ணெயை அமுக்கிச் சுருக்க முடியாது. கணக்கில் துளிகள் நெருக்கியடிக்கும்போது, ஒவ்வொரு கணமும் அவற்றை விலக்கி விலக்கி, பிசகு பத்தாயிரத்தில் ஒன்றுக்குக் கீழே வரும்வரை விடக்கூடாது. சீக்கிரம் முடியட்டும் என்று அவள் அதை நூற்றில் ஒன்றாகத் தளர்த்தியிருந்தாள். மூன்று நாள் வேலை அரைநாளில் முடிந்தது. கணத்துக்குக் கணம் சேர்ந்த பிசகில் எண்ணெய் பஞ்சுபோல் சுருங்கியிருக்கிறது. பஞ்சுபோல்தான், லாரியைத் தள்ளும் பலமில்லாமல், சுவரில் மோதியும் இருக்கிறது.

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“அது படத்துல வர்ற சின்னப் பிசகு. முடிவ மாத்தாது” என்றாள் துளி மேடம்.

“படிச்சவங்க. நீங்க சொன்னா சரிதான்.” கதவருகே போனவள் நின்றாள். “பாதி லோடுன்னா அவருக்கு பயம் மேடம். நெறஞ்ச டாங்கி தேமேன்னு கெடக்கும், பாதி டாங்கிதான் முதுகுல கையவச்சுத் தள்ளும்பாரு. அன்னைக்கும் சொல்லிட்டுத்தான் போனாரு.”

அவள் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் துளி மேடம் பிசகின் வரம்பைப் பழையபடி இறுக்கினாள். வேகம் ஐம்பது என்று கொடுத்து மறுபடி ஓடவிட்டாள். அறுபத்தாறு மணி நேரம் ஆகும் என்றது கணினி. இப்போதும் கவிழாவிட்டால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு நாளும் சாப்பிட்டாள்.

“மெஷினையெல்லாம் அடைச்சுக்கிட்டு என்னம்மா ஓடுது?” என்று புதன்கிழமை மேலாளர் கேட்டார்.

“சரிபார்க்கிறேன் சார்.”

“ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சு. தாலி கட்டினப்புறம் ஜாதகம் பாக்கறீங்களே.”

வியாழக்கிழமை பத்தரைக்கு ஓடி முடிந்தது. அவள் மேலாளரைப் போனில் பிடித்தாள்.

“சார், ஐம்பதுலயே கவிழுது.”

அந்தப் பக்கம் நாற்காலிகள் நகரும் சத்தம். “ரிப்போர்ட்ட வாசிச்சு முடிச்சாச்சும்மா.”

“அந்தம்மா ஏதாவது கேட்டாங்களா?”

“ஒண்ணும் கேக்கல. மேடம் எனக்குப் பொறுமையா காட்டினாங்க, அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னுட்டாங்க. நீங்க எதையும் கிளறாதீங்க, வந்து பேசிக்கலாம்.”

துடைக்கிற அக்கா ஈரத்துணியுடன் வந்து மேசைக்கு அருகில் நின்றாள். “ஸ்க்ரீன்ல யாரோ வெரல வச்சிருக்காங்களே.”

“வேணாம்க்கா. அத மட்டும் விடுங்க.”

துளி மேடம் படத்தை முதலிலிருந்து ஓட்டினாள். எண்ணெய் அந்த விரல் தடத்துக்கு நேராக, கோடு கிழித்ததுபோல் நின்றது. லாரி வளைவுக்குள் நுழைந்தது. எண்ணெய் மொத்தமாக எழுந்து சுவரில் அறைந்தது. உள்பக்கச் சக்கரங்கள் தரையை விட்டன. டாங்கி மெல்லச் சரிந்து படத்தின் ஓரத்துக்கு அப்பால் போனது. வெறும் சாலை இருந்தது. அதன்மேல் விரல் தடம் இருந்தது.