ஒன்பதரை விரல் மய்யித்து

எங்கள் பாலைவன ஊரான வர்ஸாஸாத்தில், ஹாஜி லஹ்சனின் டீக்கடையில் நல்ல நாற்காலி வேண்டுமென்றால் ஒருவன் முதலில் செத்திருக்க வேண்டும். நிஜமாகச் செத்தவர்களுக்கு ஊருக்கு வெளியே தனி இடம் இருக்கிறது. இது சினிமாவில் செத்தவர்களுக்கான ஏற்பாடு. முகம் தெரியச் செத்தவனுக்கு டிவிக்கு நேர் எதிரே மெத்தை போட்ட நாற்காலி. முகம் தெரியாமல் செத்தவனுக்கு அதற்குப் பக்கத்தில் மெத்தையில்லாத நாற்காலி. சாகவே சாகாதவனுக்குச் சுவரோரம் முக்காலி. அதோடு ஹாஜியின் அப்பா காலத்துக் கட்டுப்பாடு ஒன்றும் உண்டு: படம் முடிகிறவரை வாயைத் திறக்கக்கூடாது.

ஒட்டகமும் வாளும் பேயும் எடுக்க வேண்டுமென்றால் வெள்ளைக்காரர்கள் நேராக எங்கள் ஊருக்குத்தான் வந்து இறங்குவார்கள் என்பதால் சாவதற்கு இங்கே பஞ்சமில்லை. தச்சு வேலை செய்யும் இஷ்ஷூ மட்டுமே இருபத்திரண்டு தடவை செத்தவன். வாளால் ஒன்பது, அம்பால் ஆறு, தேரில் அடிபட்டு நான்கு, மீதி புதைமணல்.

பழைய லாரி டிரைவர் பஸ்ஸூவுக்கு மெத்தையில்லாத நாற்காலி. முப்பது வருஷத்துக்கு முன்னால் எடுத்த ஒரு சாகசப் படத்தில், கொள்ளைக்காரர்கள் ஒட்டகக் கூட்டத்தை வெட்டிச் சாய்த்த பிறகு ஒரு வண்டியிலிருந்து கை ஒன்று தொங்கும். மூன்று வினாடி. அந்தக் கை தன்னுடையது என்று பஸ்ஸூ சொல்லியிருந்தார். ஹாஜியின் பழைய டிவியில் அது கையா சுரைக்காயா என்றே தெரியாது. ஆகவே யாரும் மறுக்கவில்லை.

அந்த நாற்காலியிலிருந்து அவர் பேசிய பேச்சுக்குத்தான் கடையில் பாதிக் கூட்டம்.

"மூவாயிரம் வருஷமா மூடிக் கெடந்த கல்லறைங்கிறான். உள்ள தீவட்டி எரியுது. எவன்டா எண்ணெ ஊத்துனது? பேய்க்கு எண்ணெ ஊத்த ஒருத்தனை வேலைக்கு வெச்சிருக்கானா?"

"இந்தப் பொண்ணு ஏன் தனியா நிலவறைக்கு எறங்குது? எங்க வீட்டு ஆடு எறங்காது. கயிறு கட்டி இழுத்தாலும் எறங்காது. ஆட்டுக்கு இருக்குற அறிவு கதாநாயகிக்கு இருந்தா படம் பத்து நிமிஷத்துல முடிஞ்சுரும், அதான்."

"மூணு நாளு தண்ணியில்லாம பாலைவனத்துல நடந்தவனுக்குப் பல்லு எப்படிடா இப்படிப் பளபளங்குது? ஸகோராவுக்கு அந்தப் பக்கம் என் லாரி நாலு மணி நேரம் நின்னப்போ, நான் ரேடியேட்டர் தண்ணியைக் குடிச்சேன். லாரியும் நானும் மாறி மாறிக் குடிச்சோம்."

நடிகர்களை அவர் இன்னும் மோசமாக நடத்தினார். ஒருவனுக்குப் பயம் என்றால் இடது புருவம், காதல் என்றால் இரண்டு புருவமும், அப்பா செத்துப்போனால் வலது புருவம் என்றார். பத்துப் பேர் வாளோடு சூழ்ந்து நின்று ஒவ்வொருவராகக் கதாநாயகனிடம் வந்து வெட்டு வாங்குவதைப் பார்த்தால் அவருக்கு ஆத்திரம் பொங்கும். "நம்ம ஊர்க்காரன் ரொட்டிக் கடையிலயே வரிசையில நிக்க மாட்டான். சாகுறதுக்கா நிப்பான்?"

ஆனால் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு பிணங்களின் மூச்சு. படம் எதுவானாலும் அவர் கண் பின்னால் விழுந்து கிடப்பவர்களின் வயிற்றில்தான் இருக்கும். இருபது வருஷத்துக்கு முன்னால், இஷ்ஷூவின் இருபத்து மூன்றாவது சாவு டிவியில் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் எழுந்து நின்று கை நீட்டினார்.

"நிறுத்து, நிறுத்து. வயிறு ஏறி எறங்குது பாரு. இது சாவில்ல. கஞ்சி குடிச்சுட்டுப் போடுற தூக்கம். செத்தவன் அசையக்கூடாது."

ஹாஜி திரும்ப ஓட்டிப் பார்த்தார். ஏறி இறங்கியது. அந்தச் சாவு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அதற்குப் பிறகு அவனுக்குச் சாக வாய்ப்பு வரவில்லை, அதனால்தான் இருபத்திரண்டு. இஷ்ஷூ அன்றிலிருந்து பஸ்ஸூவுக்கு ஸலாம் சொல்லும்போது பாதி உதட்டால்தான் சொல்வான்.

ஒரு ரமலான் முடிந்ததும் ஹாஜி சுவர் அகலத்துக்கு ஒரு புது டிவி வாங்கி மாட்டினார். நடிகனின் மூக்கில் முடி எண்ணலாம். மறுநாளே இஷ்ஷூ அந்தப் பழைய சாகசப் படத்தை எங்கிருந்தோ தோண்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"ஹாஜியாரே, இதைப் போடுங்க. நம்ம பஸ்ஸூ அண்ணன் கையை ஒருதரம் கண் குளிரப் பாத்துட்டுப் போறேன்."

கை வந்தது. ஹாஜி படத்தை நிறுத்தினார். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு கை தொங்கியது. எல்லோரும் அதன் முழுச் சுண்டுவிரலைப் பார்த்தார்கள். பிறகு பஸ்ஸூவின் சுண்டுவிரலைப் பார்த்தார்கள். பஸ்ஸூவுக்கு அது பாதிதான்.

அந்தப் பாதி போன கதையும் கடைக்கு மனப்பாடம். டிஷ்கா மலைப்பாதையில் பிரேக் ஆயில் குழாய் வெடித்தபோது, ஓட்டையில் விரலை விட்டு அடைத்துக்கொண்டே நாற்பது வளைவு இறங்கினாராம். அடிவாரத்தில் எடுத்துப் பார்த்தால் விரல் வெந்திருந்ததாம். பஸ்ஸூவின் மனைவி இத்தோ அது லாரிக் கதவில் மாட்டியது என்பாள். எப்படிப் போயிருந்தாலும் விரல் போன வருஷம் ஒன்றுதான், அதைச் சொன்னவரும் அவரேதான்: படம் எடுப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு. பொய் சொல்கிறவன் இரண்டு சேவலை ஒரே கூண்டில் அடைக்கக்கூடாது.

"மலைப்பாதையில போன விரலு மறுபடி எப்ப மொளச்சுது அண்ணே?" என்றான் இஷ்ஷூ. "ஊருக்கே சொல்லுங்க, நாங்களும் தண்ணி ஊத்தி வளக்குறோம்."

பஸ்ஸூ டீயை ஊதிக் குடித்தார். அந்தப் படம் எடுத்த அன்று அவர் செய்த வேலை, நாற்பது பிணங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கியதும், சாயந்திரம் பசியோடு திருப்பி ஏற்றி வந்ததும்தான். அதை இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது?

"முக்காலி" என்றார் ஹாஜி. சுவரோரம் இருந்ததை அவரே துடைத்து வைத்தார். "அப்புறம் பஸ்ஸூ, வாயி."

மூன்று வாரம் பஸ்ஸூ சுவரோரம் உட்கார்ந்து பேசாமல் படம் பார்த்தார். ஒரு படத்தில் கதாநாயகன் விமானத்திலிருந்து ரப்பர் படகில் குதித்து, பனிமலையில் சறுக்கி இறங்கி, ஆற்றில் விழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டான். பஸ்ஸூவின் கழுத்து நரம்பு புடைத்தது. ஹாஜி அவரைப் பார்த்தார். பஸ்ஸூ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

கடையில் அடைத்ததெல்லாம் வீட்டில் பீறிட்டது.

"இத்தோ, இந்த ஹரீரா சூப்புல ஆரம்பம் நல்லாருக்கு. நடுவுல கொஞ்சம் இழுவை. கொண்டைக்கடலை வர்ற எடம் மட்டும் திடுக்குன்னு இருக்கு. ஆனா முடிவு எனக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு."

இத்தோ கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் சொல்றதைக் கேளுங்க. இந்த வாயை வீட்டுல வெச்சு என்னால மாரடிக்க முடியாது. போய் எங்கயாவது செத்துட்டு வாங்க. மொகம் தெரியுற மாதிரி."

அந்த வாரம் ஊருக்கு வெளியே ஒரு பேய்ப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். துணை நடிகர்களுக்கு ஆள் பிடிக்கிறவள் துதா. கையில் ஒலிபெருக்கி இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் கிடையாது. எதிரில் நிற்பவரிடமும் அதில்தான் பேசுவாள்.

"மாமா, சாகுறதுக்கு ஆளு எடுத்தாச்சு. நாப்பது பேரு ரெடி."

"நாப்பது பேரும் மூச்சு விடுறவனுங்க. மூச்சு விடாத ஒருத்தன் வேணாமா ஒனக்கு?"

துதா அவரைப் படுக்கவைத்து, மூக்கின்மேல் ஒரு வெங்காயச் சருகை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள். போன இடத்தில் அத்தையைப் பார்த்தாள். ஒரு கல்யாணம் பேசி முடித்தார்கள். திரும்பி வந்தபோது சருகு வைத்த இடத்திலேயே இருந்தது. பஸ்ஸூ மட்டும் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தார். ஒப்பனைக்காரனுக்கு மை மிச்சம்.

அவருக்கு முக்கியமான பிணம், ஊர்ப் பேச்சில் மய்யித்து, கொடுத்தார்கள். கல்லறையின் நடு மேடையில், மூவாயிரம் வருஷத்து ராஜா. உடம்பெல்லாம் துணி சுற்றி, முகத்தைத் திறந்து விட்டு, வலது கை மேடையோரம் தொங்க வேண்டும். கதாநாயகன் தீவட்டியோடு வருவான், ராஜாவின் முகத்தைப் பார்ப்பான், அலறுவான். அவ்வளவுதான் காட்சி. அரை நிமிஷம் அசையாமல் கிடந்தால் பஸ்ஸூவுக்கு மெத்தை நாற்காலி.

கதாநாயகன் பெயர் டார்பி. அழகன். ஆனால் பயப்படுகிற வேலையைச் சொந்த ஊரிலேயே முடித்துவிட்டு விமானம் ஏறியவனைப் போல இருந்தான். முதல் தடவை அவன் அலறியது பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுவதுபோல் இருந்தது. நாலாவது தடவை சூடான டீயில் வாய் வைத்ததுபோல. ஒன்பதாவது தடவை அது கொட்டாவி என்றே பஸ்ஸூ நினைத்தார். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு மறுபடி, மறுபடி என்றார்.

மேடையில் கிடந்த ராஜாவுக்கு நாக்கு அரித்தது. மெத்தையை நினைத்துக்கொண்டார். சிவப்பு மெத்தை, ஓரத்தில் குஞ்சம். அதை நினைத்தபடியே பதினான்கு தடவை செத்தார். சருகளவுகூட அசையவில்லை. பதினான்கும் குறையில்லாத சாவு. எதிலே குறை என்றால் அலறலில்.

பதினைந்தாவது தடவை டார்பி அலறிய அலறலில் கடைசியில் ஒரு விக்கல் வந்தது.

தொங்கிய கை மெல்ல மேலே எழுந்தது. நாலு விரல் மடங்கிக்கொள்ள, பாதிச் சுண்டுவிரல் மட்டும் டார்பியின் மூக்குக்கு நேராக, இல்லை, இல்லை என்று ஆடியது. ராஜா கண்ணைத் திறக்காமல், நம்ம பாஷையில், பொறுமையாகச் சொன்னார்:

"அப்படி இல்ல தம்பி. பயந்தவனுக்கு மொதல்ல மூச்சு நிக்கும். சத்தம் கடைசியிலதான் வரும்."

டார்பிக்கு அந்த பாஷை தெரியாது. அதனால் நல்லதாயிற்று. முதலில் அவன் மூச்சு நின்றது. பிறகு வந்த சத்தத்தில் நாற்பது பிணங்களும் எழுந்து உட்கார்ந்தன. ஆற்றங்கரையில் மேய்ந்த கழுதைகள் அகத்ஸ் சாலை வரைக்கும் ஓடின. டார்பி கதவைத் தேடவில்லை. கல்லறைச் சுவர் சாந்து பூசிய அட்டைதான் என்பதால் நேராக அதில் புகுந்து போனான். தீவட்டி பிடித்த கை உட்பட அவன் உருவத்திலேயே சுவரில் ஓர் ஓட்டை விழுந்தது. இன்றைக்கும் அதைப் பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள்.

டைரக்டர் கண்ணீர் விட்டு அழுதார், ஆனந்தத்தில். துதா முதல்முறையாக ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"மாமா, நீங்க செத்தீங்களா, இல்லியா?"

"செத்தேன். நடுவுல ஒரு வேலை வந்துச்சு."

படம் அடுத்த வருஷம் வந்தது. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து கடை நிரம்பியிருந்தது. கேலிப் பேச்சுக்குப் பழகிய கூட்டம். இப்போதெல்லாம் படம் பார்க்கையில் யாருக்கும் எங்கே சிரிப்பது என்று தெரியவில்லை. பஸ்ஸூ முக்காலியில் வாய் மூடி உட்கார்ந்திருந்தார்.

கல்லறை வந்தது. தீவட்டி வந்தது. மேடையில் ராஜா. ஆனால் அது பஸ்ஸூவின் முகம் இல்லை. கிராபிக்ஸில் புழு நெளிகிற மண்டை ஓடு ஒன்றை ஒட்டியிருந்தார்கள். இஷ்ஷூ சிரித்துவிட்டான். அப்போது மேடையோரம் கை தெரிந்தது. ஒன்பதரை விரலில் அந்த அரை, சுவர் அகலத்துக்கு.

"பஸ்ஸூ மாமா கைடா!" என்று யாரோ கத்தினார்கள். பிறகு அந்த அலறல் வந்தது. டம்ளர்கள் நடுங்கின. ஹாஜி தன்னை மறந்து இஷ்ஷூவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எடுத்துப் போடுங்கடா நாற்காலியை!" என்றார் ஹாஜி. "மொகம் இல்லாட்டி என்ன, கை நெசமான கை. மெத்தையில்லாத நாற்காலி, பழைய எடம்!"

நாற்காலி வந்துவிட்டது. பஸ்ஸூ எழுந்துவிட்டார். அப்போது இஷ்ஷூ, "திருப்பி ஓட்டுங்க" என்றான்.

திருப்பி ஓட்டினார்கள். அலறலுக்கு முன்னால் விரல் ஆடியது. இடம், வலம், இடம்.

"மய்யித்து அசையுதே" என்றான் இஷ்ஷூ சாந்தமாக. "என் வயிறு ஏறி எறங்குனதுக்கு ஒரு சாவு போச்சு. வெரலு இந்த ஆட்டம் ஆடுதே, இதுக்கு என்ன தீர்ப்பு?"

"இது பேய்ப்படம்டா, பேயின்னா அசையத்தான் செய்யும்" என்றது ஒரு குரல். "அப்படின்னா என் சாவையும் சேத்துக்கங்க. நானும் பேயா இருந்திருப்பேன்" என்றான் இஷ்ஷூ.

ஹாஜிக்கு வியர்த்தது. "பஸ்ஸூ, நீயே சொல்லு. இவன் சாவும் செல்லும்னு ஒரு வார்த்தை சொன்னா ரெண்டு பேருக்கும் முடிஞ்சுது. அவனுக்கு இருபத்து மூணு, ஒனக்கு ஒண்ணு. ஒரே ஒரு வார்த்தை."

பஸ்ஸூ நாற்காலியைப் பார்த்தார். நாற்காலி அவரைப் பார்த்தது. இஷ்ஷூவும் நாற்காலியைப் பார்ப்பதுபோல் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இருபது வருஷமாக அவன் காத்திருந்த வார்த்தை.

"அவன் வயிறு ஏறி எறங்குச்சு" என்றார் பஸ்ஸூ. "என் வெரலு ஆடுச்சு. ரெண்டுமே சாவில்ல. செத்தவன் அசையக்கூடாது."

திரும்பி நடந்துபோய் முக்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

படம் மறுபடி ஓடியது. சத்தம் போட யாருக்கும் மனமில்லை. கால் மணி நேரம் கழித்து, கழுத்தளவு பாம்புக் குழிக்குள் நின்றுகொண்டு டார்பி கதாநாயகியிடம் தன் சின்ன வயசுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தான். சொல்லிக்கொண்டே போனான். பாம்புகளும் மரியாதையாகக் கேட்டன.

சுவரோரமிருந்து, தலைகளுக்கு மேலே, ஒரு கை எழுந்தது. நாலு விரல் மடங்கியது. பாதிச் சுண்டுவிரல் ஆடியது. இடம், வலம், இடம்.

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு கடையே சிரித்தது.

"ஹாஜியாரே, கட்டுப்பாடு!" என்றான் இஷ்ஷூ.

ஹாஜி யோசித்தார். "வாயைத் திறக்கக்கூடாதுன்னுதான் சட்டம். வெரலைப் பத்தி எங்கப்பா ஒண்ணும் சொல்லல."

இஷ்ஷூ ஹாஜியை முறைத்தான். அடுத்து கதாநாயகி கீழே நிலவறைக்கு இறங்கப் போனாள். இஷ்ஷூ எழுந்து, தன் மெத்தை நாற்காலியை டிவிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு, பஸ்ஸூவின் முக்காலியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.