தக்காளி இலையில் வளையங்கள்

ஐரீனுக்குக் காசிமேட்டில் இறால் உரிக்கும் வேலை. அங்கே கழித்துப் போட்ட தெர்மாகோல் பெட்டிகளைக் கழுவி எடுத்துவந்து, ராயபுரத்து வீட்டு மொட்டைமாடியில் தக்காளி போட்டிருந்தாள். பிஞ்சு விடுகிற சமயத்தில் அடி இலைகளில் பழுப்புப் புள்ளி கண்டது. வட்டத்துக்குள் வட்டம், சுற்றிலும் மஞ்சள். துறைமுகத்துத் தூசிதான் காரணம் என்று தினமும் செடியின் தலையோடு தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். கருகல் இன்னும் மேலே ஏறியது.

"எல்லாத்தையும் புடுங்கிக் கடாசப் போறேன்," என்றாள், வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார் ஜூடியிடம்.

ஜூடி ரத்தப் பரிசோதனை லேபில் இருப்பவள். "இரு அண்ணி. ஒரு இலைய எடுத்துக்கினு என்கூட வா. இன்னான்னு பாத்துடலாம்."

லேபில் கூட்டம் ஓய்ந்ததும், ஜூடி டேப்பைப் புள்ளிமேல் அழுத்தி எடுத்துக் கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். ஐரீன் குனிந்து பார்த்தாள். முதலில் ஒரே கலங்கல். ஜூடி திருகைத் திருப்பத் திருப்ப, தேன் நிறத்தில் என்னவோ தெளிந்து வந்தது. நீண்ட வால். உடம்புக்குள் குறுக்குச் சுவர் எழுப்பி, அறை அறையாய்த் தடுத்திருந்தது. ஒன்றல்ல, கூட்டம் கூட்டமாய்.

"இன்னாடி இது? உசுரா?"

"பூஞ்சக்காளான் வித்து. காத்துல வரும். நீ ஊத்துன தண்ணி இலைல நிக்குது பாரு, அந்த ஈரத்துலதான் மொளைக்குது."

"இவ்ளோ அழகா கீதேடி!"

செடியைத் தின்கிற சனியன் என்றுதான் வந்திருந்தாள். இப்போது கண்ணை எடுக்க மனம் வரவில்லை. யார் கண்ணுக்கும் படாத இடத்தில், யாருக்காக இத்தனை நுணுக்கம்? "ஆண்டவரே," என்று அவள் வாய் முணுமுணுத்தது.

"போதும் அண்ணி, லேபைப் பூட்டணும்," என்று ஜூடிதான் அவளை இழுத்து நிறுத்தினாள்.

மறுநாளே ஐரீன் நோய்கண்ட இலைகளைக் கிள்ளிப் பையில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டாள். தண்ணீரை வேரில் மட்டும் விட்டாள். செடிகளைக் காற்று புகத் தள்ளி வைத்தாள். ஜூடி சொன்னபடி, கடையில் தாமிர மருந்து வாங்கி, பாக்கெட்டில் போட்டிருந்த அளவுக்குக் கரைத்துத் தெளித்தாள்.

கருகின இலை ஒன்றுகூடத் திரும்பப் பச்சையாகவில்லை. ஆனால் கருகல் ஏறாமல் அங்கேயே நின்றது. பிறகு ஒரு காலை, மொட்டையாய் நின்ற தண்டின் உச்சியில் மாசுமருவற்ற தளிர்க்கொத்து. கூடவே மஞ்சள் பூக்கள். எதிலிருந்து இது வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. தொடவும் தைரியம் வரவில்லை. இறால் உரிக்கும் ஷெட்டுக்கு நேரமானது தெரிந்தும் அங்கேயே குந்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.