கன்னியப்பன் கட்டின பறை

ஆணியில் தொங்கிய பறையை எல்லம்மா கழற்றிவிட்டாள்.

“ஏய், அதைத் தொடக் கூடாது,” என்று மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்தார் கண்காட்சிக்காரர்.

“எங்கப்பா கட்டினது சாமி. காலையில செத்துட்டாரு. பொழுது சாயறதுக்குள்ள அவரை எடுக்கணும்.”

ஆம்பூர் மைதானத்தில் மூன்று நாளாகச் சங்கீத விழா. பந்தலில் பாட்டு, ஓரத்துக் கீற்றுக் கொட்டகையில் கைத்தொழில் கண்காட்சி. கரிகிரி மண்கூஜா, குடியாத்தம் லுங்கி, வீணை எல்லாம் நடுவில். பனியடிக்கும் கடைசி மூலையில் அப்பா கன்னியப்பனின் பறை. ‘இன்னொருத்தன் கட்டின பறைய என் முன்னால அடிச்சீங்க, பாடையிலிருந்து எழுந்து உதைப்பேன்’ என்று அவர் சொல்லாத நாளில்லை.

“நாளைக்கு கலெக்டர் வர்றாரு. அப்புறம் வாங்கிக்கோ.”

“அதுவரைக்கும் அவரு தாங்க மாட்டாரே.”

“இது ஊமைப் பறை. நானே தட்டிப் பார்த்தேன், சாணியில அடிச்ச மாதிரி இருக்குது. சத்தம் வந்தா எடுத்துட்டுப் போயேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அழுது வீங்கிய முகத்தோடு எல்லம்மாவும் சிரித்தாள். மூன்று நாள் பனியில் கிடந்த தோல் தொய்யாமல் என்ன செய்யும், கண்ணுகளா? தீயைக் காட்டாமல் எந்தப் பறை வாய் திறந்திருக்கிறது?

கூஜாக்களைப் பொதிந்து வந்த வைக்கோலை அள்ளி வெளியே குவித்தாள். தோல்மண்டியில் அப்பாவுக்குக் கன்றுத்தோல் பொறுக்கிக் கொடுக்கும் அப்துல் சமத், துணைக்கு வந்தவர், மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து நீட்டினார்.

“ஒரே குச்சியில பத்தும், பாரும்மா.”

பறையைத் தீயின்மேல் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். சுண்டிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் காட்டினாள். மறுபடி சுண்டியபோது கணீரென்றது.

“பொம்பள அடிக்கக் கூடாது,” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“அப்ப நீ வா, அடி.”

யாரும் வரவில்லை. எல்லம்மா பறையோடு கட்டியிருந்த குச்சிகளைப் பிடித்தாள். முதல் சுற்றிலேயே பந்தலுக்குள் பாட்டு நின்றது. தலைகள் திரும்பின.

“போதும்மா,” கண்காட்சிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். “எடுத்துட்டுப் போ.”

“நீங்க சொல்றது கேக்கலையே, சாமி.”

இன்னும் இரண்டு சுற்று அடித்துவிட்டுத்தான் நடந்தாள்.

வீட்டு வாசலில் சித்தப்பா பறைக்குக் கை நீட்டினார். அவள் உடனே கொடுக்கவில்லை. பாடையருகே குனிந்து, அப்பாவின் உள்ளங்கையைப் பறைத்தோலின்மேல் வைத்தாள்.

சூடு இன்னும் ஆறவில்லை.