ஏழு சொட்டில் நிற்கும் தண்ணீர்

தூத்துக்குடியில் தோணி வேலைக்குப் போகிற ஆண்கள் குரலை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போவார்கள். கடல் உப்பை அது தாங்காது. தோணியில் பேச்சுக்கு வேலையும் கிடையாது. தோணியை நடத்துகிற தண்டல் கையை உயர்த்தினால் பாய் ஏறும், மடக்கினால் இறங்கும். அதனால் கிளம்புகிற அன்று காலையில் கஞ்சி குடித்து முடித்ததும், மீன் தொட்டியின் மேல் குனிந்து குரலை உள்ளே விடுவார்கள். திரும்பி வந்து அதே தொட்டியில் ஒரு டம்ளர் மோந்து குடித்தால் குரல் ஏறிக்கொள்ளும். நடுவில் உள்ள நாட்களில் தண்ணீரைப் பார்த்துக்கொள்வது வீட்டுப் பெண்களின் பாடு.

மெற்றில்டாவின் தொட்டி சின்னது, இரண்டு குடம் பிடிக்கும். மகள் ஜெனிலாவின் கைக்கு எட்டாதபடி தையல் மிஷின் மேல் ஏற்றி வைத்திருந்தாள். அவள் புருஷன் கிளாரன்ஸ் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போனால் திரும்பி வர நாற்பது நாள் ஆகும். அந்த நாற்பது நாளும் அவன் குரல் அந்தத் தொட்டியில்தான் கிடக்கும். குரல் கண்ணுக்குத் தெரியாது. அது இருக்கிற இடத்தில் மட்டும் தண்ணீர் லேசாக நெளியும். ஜெனிலா அந்த நெளிவைப் பார்த்து "ப்பா" என்பாள்.

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் மெற்றில்டா புருஷன் முகத்தைப் பார்த்துப் பேசியதெல்லாம் சேர்த்தால் ஒரு சாயங்காலத்துக்குக்கூட வராது. சோறு போடவா, சட்டை காய்ந்துவிட்டது, பிள்ளைக்குச் சளி, இவ்வளவுதான். தொட்டியில் இருக்கிற குரலோடு அப்படி இல்லை. அதற்கு முகம் கிடையாது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அன்றைக்கு நடந்ததையெல்லாம் அதனிடம் சொல்வாள். குரல் கேட்டுக்கொள்ளும், நடுநடுவே சிரிக்கும். தொட்டியில் குரலுக்குச் சொன்னதெல்லாம் கிளாரன்ஸ் வந்து குடித்ததும் அவனுக்குத் தெரிந்துவிடும்.

இந்த நடை அவன் கடலுக்குப் போனபோது அவளுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. இந்த மட்டோடு போதும், இனி தோணிக்குப் போக வேண்டாம் என்பதுதான் அது. உப்பளத்து லாரியில் ஆள் தேடுகிறார்கள், சாயங்காலமானால் வீட்டுக்கு வந்துவிடலாம். அதை அவன் கிளம்புகிற அன்றே சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்குக் கஞ்சியில் உப்பு போதுமா என்று மட்டும் கேட்டாள்.

முக்கியமான சொல்லை, தண்ணீர் சரியாக இல்லாதபோது குரலிடம் சொல்லக் கூடாது. சொன்னால் திரிந்துபோகும். எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம் அது. வண்ணமீன் கடை பால்பாண்டி அண்ணாச்சி அளந்து பார்க்கச் சின்னச் சின்ன மருந்துச் சீசாக்கள் கொடுத்திருந்தார். ஒரு மூடி தொட்டித் தண்ணீரில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சொட்டில் சிவப்பாகும் தண்ணீர் எத்தனையாவது சொட்டில் பச்சையாகிறதோ, அதுதான் தண்ணீரின் கடினத்தன்மை. ஏழு சொட்டு என்றால் குரலுக்கு உத்தமம். இன்னொரு சீசா பி.எச். பார்க்க. மஞ்சள் வந்தால் தண்ணீர் புளிப்பு, நீலம் வந்தால் காரம், இரண்டுக்கும் நடுவில் இளம்பச்சைதான் வேண்டும்.

கிளாரன்ஸ் போன மறுநாள் அளந்தாள். ஒன்பது சொட்டு. சரி, குறையட்டும் என்று இருந்தாள். அடுத்த வாரம் பதினான்கு. அதற்கடுத்த வாரம் பத்தொன்பது, மற்றச் சீசாவில் நீலம். குழாயில் ஆற்றுத் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் வரும். வருகிற அன்று ஒரு குடம் தொட்டிக்கென்று தனியாகப் பிடித்து வைத்து, தினமும் பாதிச் செம்பு இறைத்துப் பாதிச் செம்பு ஊற்றினாள். வாதாமரத்துச் சருகை வேகவைத்துப் போட்டாள். தண்ணீர் டீ நிறத்துக்கு வந்ததே ஒழிய சொட்டு இறங்கவில்லை.

குரலுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. சொற்களின் மேல், வெந்நீர்ப் பானையின் அடியில் படிகிற மாதிரி வெள்ளையாக ஒரு பக்கு படிந்தது. சில சொற்கள் பாரம் தாங்காமல் மணலில் போய் உட்கார்ந்தன. மெற்றில்டா அவற்றை வலையில் எடுத்து, பழைய பல்பிரஷால் தேய்த்து மறுபடி உள்ளே விடுவாள். சொல்ல ஒன்று இருக்கிறது என்று மட்டும் அதனிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாள். அப்படியும் தினமும் சாயங்காலம் குரல் அவளிடம் கேட்கும்.

"ஏதோ சொல்லணும்னியே, மெற்றி?"

"சொல்லுதேன். தண்ணி சரியாகட்டும்."

அடுத்த வீட்டு ஃபிலோ அக்காவின் தொட்டியில் இவ்வளவு பாடு கிடையாது. அவள் போர் தண்ணீரைத்தான் ஊற்றுவாள். முப்பது சொட்டுக்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். அவள் புருஷனின் குரல் சுவரைத் தாண்டி வந்து இந்த வீட்டுப் பிள்ளையையும் சேர்த்து ஏசும். அவள் துண்டைத் தூக்கித் தொட்டியின் மேல் போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள்.

"எங்க வீட்டுக் குரலுக்கு ஆத்துத் தண்ணி கேக்குதாக்கும். ஊர்ல இருக்கையில சாராயத்துலயே ஊறிக் கிடந்ததுதான அது," என்றாள் ஒரு நாள். மெற்றில்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தொட்டியில் கிளாரன்ஸின் குரலும் சிரித்தது. அந்தச் சிரிப்பிலும் பக்கு உதிர்ந்தது.

முப்பத்தெட்டாம் நாள் தோணி ஆபீஸிலிருந்து போன் வந்தது. நாளை மறுநாள் தோணி கரைக்கு வருகிறது. மெற்றில்டா ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனாள். அண்ணாச்சி அளந்தார். இருபத்தாறு சொட்டு. தொட்டிக்குள் என்னென்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டார். மணல், கொஞ்சம் பாசி, என்றாள். பிறகு மெதுவாக, "அவிய கொண்டாந்த சங்கு ஏழு. சோழி ஒரு கையளவு. வெள்ளப் பவளக்கல்லு ரெண்டு," என்றாள்.

ஒவ்வொரு நடையிலும் கிளாரன்ஸ் கொண்டுவந்தவை அவை. குரல் தனியாகக் கிடக்கிறதே, தெரிந்த சாமான் பக்கத்தில் இருக்கட்டும் என்று அவள்தான் அடுக்கி வைத்திருந்தாள்.

அண்ணாச்சி சீசாவை மூடினார். "சங்கு கரையும் தாயி. சுண்ணாம்புதான அது. நீ ஒரு பக்கம் எறைக்க எறைக்க, அது மறுபக்கம் உப்ப விட்டுக்கிட்டே இருந்திருக்கு."

எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடு, ஆனால் தண்ணீரை அவசரப்பட்டு மாற்றாதே, குரல் தாங்காது, ஒரு நாளைக்கு ஒரு செம்பு வீதம் மாற்று, பதினைந்து நாளில் ஏழு சொட்டுக்கு வந்துவிடும் என்றார். பதினைந்து நாள் இல்லை, இரண்டு நாள்தான் இருக்கிறது என்று அவரிடம் சொல்ல அவளுக்கு நாக்கு வரை வந்தது. கடையில் இன்னும் இரண்டு ஆண்கள் நின்றிருந்தார்கள். சரி அண்ணாச்சி என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள்.

அன்று குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்தது. மெற்றில்டா சங்கை எடுத்தாள், சோழியை எடுத்தாள், கல்லை எடுத்தாள். குரலை ஒரு சட்டியில் மாற்றிவிட்டுத் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். புதுத் தண்ணீர் இரண்டு குடத்தையும் ஒரே மூச்சில் ஊற்றி, குரலை உள்ளே விட்டாள். அளந்து பார்த்தால் சரியாக ஏழு சொட்டு. மற்றச் சீசாவில் இளம்பச்சை. முப்பத்தெட்டு நாளில் முதல் தடவை.

முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். குரல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கண்ணாடியில் இரண்டு தடவை முட்டியது. பிறகு கேட்டது.

"ஏதோ சொல்லணும்னியே, மெற்றி?"

தண்ணீர் இன்னும் கொஞ்சம் கலங்கலாக இருந்தது. தெளியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் சட்டியைக் கழுவப் போனாள். தண்ணீர் தெளிந்தபோது அதில் நெளிவு இல்லை. ஜெனிலா தொட்டியைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் சோழிகளை எடுத்து விளையாடப் போய்விட்டாள்.

கிளாரன்ஸ் வந்தான். கால் கழுவினான், பிள்ளையைத் தூக்கினான், ஒரு டம்ளர் மோந்து குடித்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு அவளைப் பார்த்துச் சொன்னான்: "ஏதோ சொல்லணும்னியே, மெற்றி?"

அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. பால்காரரிடமும் அதையே சொன்னான். மாதா கோயிலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் சாமியாரிடமும் அதையே சொன்னான். சாமியார் அருள் நிறைந்த மரியே செபத்தை மூன்று தடவை சொல்லச் சொல்லி அனுப்பினார். ஃபிலோ அக்கா மட்டும், "கேள்வியாவது மிச்சம் இருக்கே, நல்லதுன்னு வச்சிக்க. எங்க வீட்டுல பதில் மட்டுந்தான்," என்றாள்.

ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அவன் அவளிடம் அதைக் கேட்டான். சோறு வேண்டுமென்றாலும் அதுதான், விளக்கை அணை என்றாலும் அதுதான். ஆனால் இப்போது குரலுக்கு மேலே முகம் இருந்தது. மெற்றில்டா ஒவ்வொரு தடவையும் தரையைப் பார்த்து, "ஒண்ணுமில்ல," என்றாள்.

பத்தாம் நாள் தண்டல் ஆள் அனுப்பினார். ஒரு வாக்கியத்துக்காகத் தொட்டி வைக்க வேண்டியதில்லை, அதைச் சட்டைப்பையிலேயே கொண்டுவரலாம், உப்பு பட்டாலும் அதற்கு மேல் கெட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த மாதிரி ஆட்களைத்தான் தோணியில் முதலில் எடுப்பார்கள்.

கிளம்புகிற அன்று காலையில் கஞ்சி குடித்து முடித்ததும் கிளாரன்ஸ் பழக்கத்தில் தொட்டியின் மேல் குனிந்தான். விடுவதற்கு ஒன்றுமில்லை. பிறகு தன் இடது காதைக் கழற்றி, மெதுவாக உள்ளே விட்டான். அது ஒரு சுற்றுச் சுற்றி வந்து பாசிக்குப் பக்கத்தில் நின்றது.

"ஏதோ சொல்லணும்னியே, மெற்றி," என்றான். பையை எடுத்துக்கொண்டு போனான்.

மெற்றில்டா சீசாக்களை எடுத்தாள். ஒரு மூடித் தண்ணீர் எடுத்து மூன்று சொட்டு விட்டாள். சிவப்பாகவே இருந்தது. நாலாவது சொட்டு விடாமல் அதை அப்படியே பாத்திரம் கழுவுகிற அங்கணத்தில் கொட்டிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இந்த மட்டோட போதும். இனி போவாதிய," என்றாள்.

காது அவள் பக்கம் திரும்பியது. அதற்குள் தோணி முயல்தீவைத் தாண்டியிருந்தது.

மறுநாளும் சொன்னாள். அதற்கு மறுநாளும் சொன்னாள். ஒன்பதாம் நாள் காலையில் பார்த்தபோது பாசிக்குள் அந்தக் காதைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் பதினொரு காதுகள் நீந்திக்கொண்டிருந்தன. ஜெனிலா விரலை நீட்டி எண்ணத் தொடங்கினாள். ஃபிலோ அக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தனக்கு இரண்டு வேண்டும், தன் வீட்டு மனுஷனுக்கு அது ஒன்றுதான் இல்லை என்றாள். எது இடது எது வலது என்று வளர்ந்தால்தான் தெரியும் என்றாள் மெற்றில்டா. பாலித்தீன் கவரில் பாதி தண்ணீர், பாதி காற்று பிடித்து, இரண்டு காதுகளை விட்டு, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தாள். போர் தண்ணீரில் விட்டுவிட வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.