அபிநயா சேர்த்த ஒரு வரி

இந்தக் காலத்தில் கூலி இல்லாமல் எவனும் ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை. வரப்பில் வழுக்கி விழுந்தவனைத் தூக்கிவிடுவதற்கு முன்னால் செல்போனை எடுத்துப் படம் பிடிக்கிறான். இப்படிப்பட்ட உலகத்தில் தன் மகள் மட்டும் எவனுக்கோ சும்மா வேலை பார்க்கிறாள் என்றால், இதில் ஏதோ ஏமாற்று இருக்கிறது என்றுதான் நாராயணசாமிக்குப் பட்டது.

மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் அவர்கள் வீட்டில் டவர் எடுக்காது. அதனால் அபிநயா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கரும்புக் கொல்லைக்கு வந்து, மோட்டார் கொட்டாய் நிழலில் உட்கார்ந்துவிடுவாள். சென்னைக் கம்பெனி அவளை வேலையை விட்டு அனுப்பியதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. எதனால் அனுப்பினார்கள் என்றும் வாய் திறக்கவில்லை.

"இன்னா பண்ணிக்கினு கீற?"

"புரோகிராம் எழுதற பாஷை ஒண்ணு கீதுப்பா. அத எப்டி எழுதறதுன்னு நெட்டுல ஒரு பக்கம் சொல்லித் தருது. அதுல ஒரு வரி வுட்டுப்போச்சு. சேத்து அனுப்பிகீறேன்."

"எவன் கேட்டான்?"

"யாரும் கேக்கல. யார் வேணா அனுப்பலாம். அதப் பாத்துக்கற ஆளுங்க சரின்னா சேத்துப்பாங்க."

"இன்னா வரி அது?"

"ஃபைல இப்டித் தொறந்து எழுதுன்னு போட்டுகீது. அப்டித் தொறந்தா உள்ள ஏற்கெனவே இருந்ததெல்லாம் அழிஞ்சிடும். அதச் சொல்லல. நான் அத நம்பித்தான் தொறந்தேன். கம்பெனில எல்லாரும் சேந்து செஞ்ச வேலை மொத்தமும் போச்சு. 'இதுகூடத் தெரியாதா உனக்கு'ன்னு அனுப்பிட்டாங்க."

நாராயணசாமிக்குச் சுருக்கென்றது. அது கோபமாகத்தான் வெளியே வந்தது.

"உம் பொழப்புல மண்ணப் போட்டதுக்கு நீயே ரிப்பேர் பாத்துக் குடுக்கறியா? அதுவும் ஓசியில?"

"இன்னொரு புள்ள அதப் படிப்பா இல்லப்பா? பிச்சைமுத்து மாமா வாய்க்கா ஒடஞ்சா நீ ஏன் மண்ணு அணைக்கற? அவுருக்கும் உனக்கும் பேச்சுவார்த்தயே கெடையாதே."

"அது தண்ணி. எவன் வாய்க்காலா இருந்தா இன்னா, வீணாப் போவக்கூடாது. இது இன்னா?"

அவள் திரும்பவும் திரையைப் பார்த்தாள். "எல்லாருக்கும் தெரிஞ்சதுதான, இத வேற எழுதணுமான்னு அந்தப் பக்கத்தப் பாத்துக்கறவங்களும் கேட்டுட்டா?" என்று மட்டும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்றைக்கும் சோறு அப்படியே இருந்தது.

அதற்கப்புறம் மடை திருப்பப் போகும்போதெல்லாம் கொட்டாய்ப் பக்கம் எட்டிப் பார்த்து, "வந்துச்சா?" என்பார். வந்த பதிலும் ஒரு வில்லங்கத்தோடுதான் வந்தது.

"அதப் பாத்துக்கற ஒருத்தரு, வரிய கீழ போடாத, உதாரணத்துக்கு மேல போடுங்கறாரு."

"ஓசியில செஞ்சதுக்கு நொட்ட வேறயா? எந்த ஊரு ஆளு அவன்?"

"எந்த ஊரோ. ஆனா சரியாத்தான் சொல்றாருப்பா. அவசரத்துல கீழ யார் படிக்கறாங்க? நானே படிச்சிருக்க மாட்டேன்."

மாற்றி அனுப்பினாள். மறுநாள் மதியம் தூக்குச் சட்டியோடு அவர் வந்தபோது முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவர் சட்டியைக் கீழே வைத்தார்.

"வேணாம்னுட்டானா? போறான் வுடு, பாப்பா. நான்தான் சொன்னேனே."

"சேத்துக்கினாங்கப்பா. அந்த ஆளும் ஒரு வாட்டி இதே மாதிரி எல்லாத்தயும் அழிச்சிட்டு உக்காந்திருந்தாராம். எழுதிகீறாரு."

நாராயணசாமி குனிந்து பார்த்தார். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து.

"உம் பேரு எங்க?"

ஓரத்தில் ஒரு துளி எழுத்தைக் காட்டினாள். சேற்று விரல் பட்டுவிடாமல் தள்ளியே வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி நெடுநேரம் பார்த்தார்.

"சின்னதா போட்டுகீறான். நாளைக்கே எவனாவது அழிச்சாலும் கேக்க நாதியில்ல."

அபிநயா சிரித்துக்கொண்டே சட்டியைத் திறந்தாள். சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து அள்ளி அள்ளித் தின்றாள். அவர் தன் பங்கையும் அவள் தட்டில் தள்ளிவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

"நீ துன்னல?"

"பசி இல்ல." வரப்பில் ஏறி நடந்தார். "ஓசி வேலயாம். இவுங்கள நம்பிக்கினு."